பென்சிலை மறுபடி எடுக்கிறவர்களுக்கு: முகம் கீறுவதில் நான் கற்றவை

சாதாரண தரத்தில் சித்திரம் ஒரு பாடமாக எடுத்து, உயர்தரத்தில் வர்த்தகமோ விஞ்ஞானமோ படித்து, அப்புறம் வேலை, கலியாணம், பிள்ளைகள் என்று பென்சிலை வைத்துவிட்டவர்கள் கொழும்பில் நிறையப் பேர். நானும் அப்படி வந்தவள்தான். பல வருடம் கழித்து வெள்ளவத்தையில் வீட்டு மேசையில் மறுபடி முகங்களைக் கீறத் தொடங்கினேன். அதில் எது உண்மையாகவே கைகொடுத்தது என்பதை, திரும்பத் தொடங்க யோசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

கை அவ்வளவு சீக்கிரம் மறக்காது. கோடு இழுப்பதும் நிழல் போடுவதும் சில கிழமைகளில் திரும்பிவிடும். நாள் எடுப்பது கண்தான். பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு நிழல்களில் எது கூடக் கறுப்பு என்று கண் சட்டென்று சொல்ல வேண்டும். அந்தப் பழக்கம் விட்டுப்போனால் கண்ணும் மூக்கும் வாயும் தனித்தனியே அழகாக வரும், ஆள் மட்டும் வரமாட்டார். ஆகவே முதல் மாதங்களில் இமை மயிர், கண்மணி, தலைமயிர் எதையும் தொட வேண்டாம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். வெளிச்சப் பக்கம் எங்கே முடிகிறது, நிழல் பக்கம் எங்கே தொடங்குகிறது, அந்த நிழலின் வடிவம் என்ன, இவ்வளவும் போதும்.

சாதாரண தரப் பரீட்சைக்காக மேசையில் குடமும் பழமும் துணியும் வைத்துப் பார்த்துக் கீறியது ஞாபகம் இருக்கும். முகத்தையும் முதலில் அந்தக் குடத்தைப் போலவே பாருங்கள். கண்ணைப் பாதி மூடி இடுக்கிப் பார்த்தால் சின்ன விவரங்கள் மறைந்து இரண்டு மூன்று பெரிய நிழல் வடிவங்கள் மட்டும் மிஞ்சும். கண்குழி, மூக்கின் கீழ், கீழுதட்டுக்குக் கீழே உள்ள பள்ளம், தாடைக்கு அடிப்பக்கம். அவற்றை 2பி என்ற கொஞ்சம் மென்மையான பென்சிலால் ஒரே கறுப்பில் நிரப்புங்கள். கண்ணும் மூக்கும் இன்னும் கீறவே இல்லை, ஆனாலும் வீட்டில் யாராவது பார்த்து "இது மாமியெல்லோ" என்று கேட்டால் வேலை சரியாகப் போகிறது.

அளவுகளைப் பொறுத்தவரை, பள்ளிக்கூடத்தில் படித்ததே போதும். கண்கள் தலை உயரத்தின் நடுவில் இருக்கும். புருவத்திலிருந்து மூக்கின் அடி வரைக்கும் காது. இரண்டு கண்களுக்கு இடையில் இன்னொரு கண்ணுக்கு இடம். இவையெல்லாம் சராசரிதான். எதிரில் இருக்கிற ஆள் அதிலிருந்து எங்கே விலகுகிறார் என்பதுதான் அவருடைய சாயல். கையை முழுதாக நீட்டி, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரு கண்ணை மூடி அளந்து பாருங்கள். கண்ணின் உள்மூலையிலிருந்து நேரே கீழே இறங்கினால் மூக்குச் சிறகில் படுகிறதா, அதற்கு வெளியே போகிறதா? இந்த ஒரு கேள்வி பல முகங்களைக் காப்பாற்றும்.

வெளிச்சம் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டுப் பாடங்கள் சொல்வது இங்கே அப்படியே பொருந்தாது. வடக்கு ஜன்னல் பக்கம் ஆளை உட்கார வைத்தால் நாள் முழுக்க ஒரே மாதிரி வெளிச்சம் கிடைக்கும் என்பார்கள். அது ஐரோப்பாவுக்குச் சரி. கொழும்பில் ஏப்ரல் தொடக்கத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அதன் பிறகு செப்டம்பர் தொடக்கம் வரை மதியச் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலிலும் வெயில் விழலாம். கடல் பக்கம் பார்த்த மாடி வீடுகளில் பின்னேரம் மேற்கு வெயில் சுள்ளென்று அடிக்கும். எனக்குச் சரிவந்தது காலை நேரம், வெயில் நேரே விழாத ஜன்னல், அதற்குப் பக்கவாட்டில் ஒரு கதிரை. அது முடியாவிட்டால் இரவில் ஒரே ஒரு மேசை விளக்கு. மேலே ரியூப் லைட் எரிந்தால் நிழல்கள் உடைந்துபோகும், அதை அணைத்துவிடுங்கள்.

அடுத்தது தோல். இணையத்தில் கிடைக்கிற பாடங்களில் பெரும்பாலானவை வெள்ளைக்காரர் முகங்களை வைத்துச் சொல்லித் தருபவை. அங்கே தாளின் வெள்ளையையே தோல் நிறமாக விட்டுவிடுவார்கள். நம் முகங்களுக்கு அது ஆகாது. முகம் முழுக்க எச்பி பென்சிலைச் சாய்த்துப் பிடித்து மெல்லிய சாம்பல் தளம் ஒன்றை முதலில் போட்டுவிடுங்கள். அதற்கு மேல் நிழல்கள். கடைசியில் பிசையக்கூடிய அழிறப்பரைக் கூராக உருட்டி, நெற்றி, கன்ன எலும்பு, மூக்கு நுனி ஆகிய இடங்களில் மட்டும் ஒற்றி வெளிச்சத்தை எடுங்கள். கறுத்த தோலில் வெளிச்சம் சின்ன இடத்தில் விழும், ஆனால் பளிச்சென்று விழும். அதைப் பிடித்த அன்று என் அம்மம்மாவின் கன்னம் தாளில் உயிரோடு நின்றது.

கண்ணுக்கு வருகிற காலம் வரும்போது ஒன்றைக் கவனியுங்கள். கண்ணின் வெள்ளை வெள்ளையே இல்லை. மேல் இமையின் நிழல் அதன்மேல் விழுகிறது, ஆகவே மேல் பாதி நன்றாகவே சாம்பல். கீழ் இமைக்கு ஒரு தடிப்பு உண்டு. விழிக்கும் இமை மயிருக்கும் நடுவில் அந்தத் தடிப்பின் மேல் வெளிச்சம் மெல்லிய கோடாக நிற்கும். அதை விட்டுவைத்தால் கண் ஈரமாகத் தெரியும், நிரப்பிவிட்டால் ஸ்டிக்கர் ஒட்டியதுபோல் ஆகிவிடும்.

சாமான்கள் குறைவாகவே வேண்டும். எச்பி, 2பி, 4பி, 6பி நாலும், கொஞ்சம் சொரசொரப்பான தடித்த தாளும். புறக்கோட்டைக் கடைகளில் தேடலாம். பென்சிலின் கரு காரீயமும் (கிராபைட்) களிமண்ணும் சேர்ந்தது, களிமண் கூடினால் கடினம். காரீயம் நம் நாட்டுக் கனிமம், கேகாலைப் பக்கம் போகல சுரங்கத்தில் எடுக்கிறார்கள். அதன் துகள்கள் தட்டையானவை, அழுத்தித் தேய்த்தால் படிந்து மினுங்கும். பிறகு கறுப்பு சாம்பலாகத்தான் தெரியும். கறுப்பு வேண்டுமென்றால் அழுத்தாமல் மென்மையான பென்சிலால் பல தடவை ஏற்றுங்கள். விரலால் தேய்க்கவே வேண்டாம். கொழும்பு வேர்வையும் விரல் எண்ணெயும் தாளில் ஏறினால் திட்டு போகாது. உள்ளங்கைக்குக் கீழே எப்போதும் ஒரு துண்டுத் தாள் இருக்கட்டும்.

நல்ல முகங்களைப் பார்க்க கொழும்பு பார்ன்ஸ் பிளேசில் சபுமல் மன்றம் என்ற ஓவியக்கூடம் இருக்கிறது. 1943இல் தொடங்கிய 43 குழு என்ற ஓவியர் குழுவைச் சேர்ந்த ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு அது. அவர் லண்டனில் பயின்ற உருவப்பட ஓவியர். தைல வண்ணப் படங்கள்தான், ஆனாலும் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்று நிழல் வடிவங்களை மட்டும் கொப்பியில் எடுத்துப் பாருங்கள். ஒரு மாத வகுப்புக்குச் சமம்.

கொஞ்சம் கை வந்ததும் சொந்தக்காரர்கள் கேட்டு வருவார்கள், பெரும்பாலும் இறந்தவரின் 31ஆம் நாள் நினைவுப் புத்தகமான கல்வெட்டுக்காக. கையில் இருப்பது ஒரு அடையாள அட்டைப் படமாகத்தான் இருக்கும். முன்னாலிருந்து வெளிச்சம் அடித்து எடுத்தது, நிழலே இருக்காது. வேறு வயதில், வேறு பக்கம் பார்த்து எடுத்த படங்களும் கேளுங்கள். இனிமேல் எடுக்கப்போகிற படம் என்றால், போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனால் மூக்கு பெருத்துவிடும், இரண்டு மீற்றர் தள்ளி நின்று சூம் பண்ணி எடுக்கச் சொல்லுங்கள். "பிள்ளை, அப்பாவைக் கொஞ்சம் வெள்ளையாக் கீறித் தாங்கோ" என்றும் கேட்பார்கள். நான் அதைச் செய்வதில்லை. அந்த மனிதரின் நிறத்தை அப்படியே, அதற்குரிய வெளிச்சத்தோடு கீறிக் கொடுத்துப் பாருங்கள், பார்க்கிறவர்கள் முதலில் தடவுவது அந்தக் கன்னத்தைத்தான். ஆகவே கொடுக்கும் முன்பே, பென்சில் கலையாமல் காக்கிற பிக்ஸேட்டிவ் அடித்து, கண்ணாடி தாளில் முட்டாதபடி நடுவில் மவுண்ட் அட்டை வைத்துப் பிரேம் போடச் சொல்லுங்கள். இந்த ஊர் ஈரப்பதனில் கண்ணாடியோடு ஒட்டிய தாளைப் பிறகு பிரித்தெடுக்க முடியாது.