அவசரகால ரேடியோவுக்கு எந்த மின்சாரம்? செய்து பார்த்த குறிப்புகள்

புயல், வெள்ளக் காலங்களில் முதலில் கைவிடுவது கைப்பேசிதான். கோபுரத்தில் மாற்று மின்சாரம் தீர்ந்துவிடும்; தீராவிட்டாலும் எல்லோரும் ஒரே நேரத்தில் அழைப்பதால் இணைப்பு கிடைக்காது. வானொலிக்கு அந்த நெரிசல் இல்லை. ஒருவர் கேட்டாலும் லட்சம் பேர் கேட்டாலும் ஒலிபரப்பிக்கு ஒரே வேலைதான். ஆகவே என்னிடம் இருக்கும் சிறிய ரேடியோவை எதை வைத்து, எத்தனை நாள் ஓட்டலாம் என்று பார்க்க உட்கார்ந்தேன்.

முதலில் அது எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று தெரிய வேண்டும். பெட்டியைப் பிரிக்கத் தேவையில்லை. அட்டைத் துண்டு ஒன்றின் இரு பக்கமும், ஒன்றையொன்று தொடாதபடி அலுமினியத் தாளை ஒட்டி, பேட்டரிக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே செருகினேன். மல்டிமீட்டரின் முனைகளை ஆளுக்கொரு பக்கம் வைத்தால் அளவு வந்துவிடுகிறது. செய்தி தெளிவாகக் கேட்கும் ஒலியில் 30 மில்லிஆம்பியர். ஒலியைக் கூட்டினால் முள் மளமளவென்று ஏறுகிறது. இரண்டு பென்டார்ச் பேட்டரிகளின் கொள்ளளவை 2000 மில்லிஆம்பியர்-மணி என்று வைத்தால் அறுபது மணி நேரத்துக்கு மேல் வரும். மணிக்குப் பத்து நிமிடம் செய்தி மட்டும் கேட்டால் இரண்டு வாரம் ஓடும். இதைவிட எளிய ஏற்பாடு வேறு இல்லை என்பதே என் எண்ணம். ஒரே நிபந்தனை: அல்கலைன் பேட்டரியை ரேடியோவுக்குள் போட்டுவைக்கக் கூடாது. கசிந்தால் தகடுகள் அரித்துப்போகும். பக்கத்திலேயே தனியாக வைத்தால் போதும்.

கைப்பிடி சுற்றும் ரேடியோ பார்க்க அழகாக இருக்கிறது. பிரிட்டிஷ் கண்டுபிடிப்பாளர் டிரெவர் பெய்லிஸ் உருவாக்கியது சுருள்வில்லை முறுக்கி ஓட்டும் ரகம். இன்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவை உள்ளே இருக்கும் சிறிய பேட்டரியைத்தான் நிரப்புகின்றன. அந்தப் பேட்டரி மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்து செத்துவிட்டால், எவ்வளவு சுற்றியும் பயன் குறைவு. சில மாதங்களுக்கு ஒருமுறை சார்ஜ் போட நினைவிருப்பவர்களுக்கு மட்டும் இது சரிப்படும்.

பவர் பேங்க்தான் வேடிக்கை காட்டியது. இரண்டு பேட்டரிகளின் 3 வோல்ட்டில் ஓடும் ரேடியோவுக்கு 5 வோல்ட்டை அப்படியே கொடுக்க முடியாதே என்று மூன்று சிலிக்கான் டயோடுகளை வரிசையாகக் கோத்தேன். ஒவ்வொன்றும் சுமார் 0.7 வோல்ட்டை விழுங்க, 3 வோல்ட்டை ஒட்டி வந்தது. ரேடியோ பாடியது, அரை நிமிடத்தில் நின்றது. இவ்வளவு குறைந்த மின்னோட்டம் போவதைப் பார்த்து, கைப்பேசி நிரம்பிவிட்டது என்று பவர் பேங்க் தானே அணைந்துவிடுகிறது. 47 ஓம் மின்தடை ஒன்றைக் குறுக்கே போட்டு 100 மில்லிஆம்பியர் வீணாக்கினால் அணையாமல் நிற்கிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, கணக்கு ஏறக்குறைய அப்படியே வருகிறது! அதைப் பொறுத்துக்கொண்டாலும் இரைச்சல் விடவில்லை. பண்பலையில் ஒன்றும் தெரியவில்லை. மத்திய அலையில் மட்டும் 'கிர்ர்' என்று ஓயாத சத்தம். உள்ளே மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்று வேகமாக மாறி மாறித் துடிப்பதால் வருவது அது. தொலைதூர நிலையங்கள் இரவில் எட்டுவது மத்திய அலையில்தான் என்பதால் இதை அலட்சியப்படுத்த மனம் வரவில்லை. ரேடியோவைக் கை நீளத்துக்குத் தள்ளி வைத்து, உள்ளே மத்திய அலைக்கு ஆன்டெனாவாக இருக்கும் ஃபெர்ரைட் தண்டு வேறு திசை பார்க்கும்படி மெல்லத் திருப்பினால் இரைச்சல் பாதியாகிறது, போவதில்லை.

12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியோடு, மின்னழுத்தத்தைக் குறைத்து நிலையாகத் தரும் எல்எம்317 என்ற சில்லைச் சேர்த்தபோது அந்தத் தொல்லை அறவே இல்லை. 240 ஓம், 330 ஓம் மின்தடைகள் போட்டால் 3 வோல்ட் கிடைக்கிறது. மிச்ச 9 வோல்ட் வெப்பமாக வீணாகிறது என்று ஆட்சேபிக்கலாம். இந்த அளவு மின்னோட்டத்தில் அது 0.3 வாட்தான், விரல் வைத்தால் இளஞ்சூடு. பேட்டரியைப் பாதி வரை மட்டும் இறக்கினாலும் நூறு மணி நேரம் தரும். கம்பி உரசினால் தீப்பிடிக்கக்கூடும் என்பதால் பேட்டரி முனையை ஒட்டியே அரை ஆம்பியர் ஃபியூஸ் போட்டிருக்கிறேன்.

அடுத்து இதற்கு ஒரு சோலார் தகடு. பேட்டரி அளவுக்கு மீறி நிரம்பாமல் காக்கும் அதன் சார்ஜ் கன்ட்ரோலரும் துடித்துத் துடித்து இயங்கும் வகைதான். மத்திய அலையில் எவ்வளவு இரைகிறது என்று காதால் கேட்ட பிறகே அதை நிரந்தரமாகப் பொருத்துவேன். அதுவரை பகலில் சார்ஜ், கேட்கும் நேரத்தில் தகட்டைக் கழற்றிவிடுவது.