தண்ணீரில் இறங்குமுன்

முழுக்கு ஞானஸ்நானத்தில் தண்ணீருக்குள் போவது கிறிஸ்துவோடு அடக்கம், எழும்புவது அவரோடு உயிர்த்தெழுதல். ரோமர் 6:4 சொல்வது இதைத்தான். அப்படியிருக்க, பாதி நனைந்து நெற்றி மேலே நிற்க அவசரமாக முடித்துவிடுவது என் மனசுக்கு ஒப்பவில்லை.

யாங்கோனில் நம் தமிழ்ச் சபைகளில் முதல் தொல்லை லுங்கி. இடுப்பில் சொருகிய முடிச்சு தண்ணீரில் இளகிவிடும், துணி காற்றை அடைத்துக்கொண்டு குடைபோல மேலே கிளம்பும். உள்ளே அரைக்கால் சட்டை போட்டு, லுங்கிக்கு மேல் பெல்ட் கட்டச் சொல்லுங்கள். பெண்களின் வெள்ளை அங்கிக்கு உள்ளே கெட்டியான கருந்துணி வேண்டும். அங்கியின் கீழ்மடிப்பில் மீன்வலைக் குண்டு சிலவற்றை வைத்துத் தைத்துவிட்டால் மிதக்காது.

10 அடி நீளம், 6 அடி அகலத் தொட்டியில் மூன்றரை அடி நிரம்ப ஏறக்குறைய 6,000 லிட்டர் பிடிக்கும். கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊர். சனிக்கிழமை காலையிலேயே மோட்டாரைப் போட்டுவிடுங்கள். தண்ணீர் இடுப்புக்குக் கீழே இருந்தால் போதகர் முழுப்பாரத்தையும் தூக்க வேண்டிவரும், முதுகு பிடித்துக்கொள்ளும். வயர் மைக் தொட்டிப் பக்கமே வரக்கூடாது.

ஞானஸ்நானம் பெறுபவர் கைகளை மார்பில் சேர்த்து, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்ளட்டும். போதகரின் ஒரு கை அந்தக் கைகளின் மேல், மற்றது பிடரிக்குக் கீழே. "பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்திலே" என்று சொல்லி முடித்தபிறகே சாய்க்க வேண்டும். பயத்தில் உடம்பை விறைத்துக்கொண்டால் கால் வழுக்கும், தலை முழுகாது. முழங்காலை மடக்கினால் உடம்பு தானே சாயும். ஞானஸ்நான ஆயத்த வகுப்பிலேயே, வெறும் தரையில், இதைப் பழக்கிவிடுங்கள்.

வகுப்பு என்றதும் இதையும் சொல்ல வேண்டும். பர்மியப் பள்ளியில் படித்த நம் பிள்ளைகள் பலருக்கு வேதாகமத் தமிழ் பிடிபடாது. "மனந்திரும்பினாயா?" என்றால் விளங்காமலே "ஆமாம்" என்பார்கள். பர்மியத்தில் கேளுங்கள், அவர்கள் சொந்த வார்த்தையில் பதில் வரும்வரை தண்ணீர் காத்திருக்கட்டும். அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1813இல் ரங்கூனில், அதாவது இதே யாங்கோனில், வந்திறங்கினார். முதல் பர்மிய விசுவாசி மாவுங் நாவுக்கு ஊர்ப்பக்கக் குளத்தில் ஞானஸ்நானம் கொடுத்தது 1819 ஜூன் 27இல். ஒரு ஆத்துமாவுக்காக ஆறு வருடம் பொறுத்த ஊர் இது. ஈஸ்டருக்குள் எண்ணிக்கை காட்ட வேண்டும் என்று நாம் பிள்ளைகளை விரட்டலாமா?

பின்னால் சாய முடியாத முதுகுவலிக்காரர்கள் தொட்டிக்குள் முழங்காலிட்டு, முன்பக்கமாகக் குனிந்து முழுகலாம். இரு மூப்பர்கள் தோளைப் பிடித்துக்கொண்டால் போதும்.