பேரல் குதிரைக்கும் ரோப்பிங் குதிரைக்கும் எந்தப் பிட்?

குதிரைச் சாமான்கள் விற்கும் கடையில் ஒரு சுவர் முழுக்கப் பிட்டுகள், அதாவது கடிவாளத்தில் குதிரையின் வாய்க்குள் செல்லும் இரும்புகள், தொங்குவதைப் பார்க்கும்போது, நம் குதிரையின் குறைக்கு அவற்றுள் ஏதோ ஒன்றில் மருந்து இருக்கிறது என்று நம்பத் தோன்றும். குதிரையில் மூன்று பீப்பாய்களைச் சுற்றி வரும் வேகப் போட்டியான பேரல் ரேஸிங்கில் முதல் இடத்துக்கும் ஐந்தாம் இடத்துக்கும் இடையே பல நேரங்களில் நொடியின் நூறில் சில பங்குகளே இருப்பதால் அந்த நம்பிக்கைக்கு நல்ல விற்பனையும் உண்டு. என்னிடம் யோசனை கேட்பவர்கள் பெரும்பாலும் "குதிரை கைக்கு அடங்கவில்லை, இதைவிடக் கடுமையான பிட் எது?" என்றுதான் தொடங்குகிறார்கள். பிட்டுகளைக் கடுமை, மென்மை என்று மட்டும் பிரித்துப் பார்ப்பது எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. கை அசைந்த பிறகு அந்தச் செய்தி குதிரையின் வாய்க்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் பிடிக்கிறது, கை தளர்ந்ததும் அழுத்தம் எவ்வளவு விரைவாக விலகுகிறது என்ற இரண்டையுமே நான் முதலில் பார்க்கிறேன்.

நெம்புகோல் இல்லாத எளிய பிட்டான ஸ்னாஃபிலில் இந்தக் கணக்கு எளிது. கையில் பிடிக்கும் வார் நேராக வாய்க்குள் உள்ள இரும்பின் வளையத்தில் மாட்டப்பட்டிருப்பதால், கை எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவுதான் வாயில் விழும், விட்டவுடன் போய்விடும். ஷேங்க் எனப்படும் பக்கத்தண்டு உள்ள பிட்டில் நெம்புகோல் வந்துவிடுகிறது. வாய்த்துண்டுக்கு மேலே தலைவார் மாட்டும் வளையம் வரையுள்ள பகுதி 2 அங்குலமும், கீழே வார் மாட்டும் வளையம் வரையுள்ள பகுதி 6 அங்குலமும் இருந்தால், கையில் ஒரு பவுண்டு இழுப்பு தாடைக்கு அடியில் செல்லும் வாரில் ஏறத்தாழ மூன்று பவுண்டாக மாறும். இதைக் கேட்டதும் நீண்ட ஷேங்க் என்றாலே கொடுமை என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் நீண்ட ஷேங்க் அதே கோணத்துக்குத் திரும்பக் கை அதிக தூரம் நகர வேண்டும். அந்த இடைவெளியில், பழகிய குதிரை தண்டின் முதல் அசைவை உணர்ந்து, அழுத்தம் வருவதற்கு முன்பே பதில் சொல்லிவிடும். குட்டையான ஷேங்கின் பலம் குறைவாக இருந்தாலும் அது சட்டென்று பிடிக்கும். பின்னோக்கி வளைந்த தண்டு, நேரான தண்டைவிடச் சற்று மெதுவானது. தாடைவாரை எவ்வளவு தளர்த்திக் கட்டுகிறோம் என்பதும் இந்த நேரத்தை மாற்றும்; வாருக்கும் தாடைக்கும் இடையே இரண்டு விரல்கள் தட்டையாக நுழைய வேண்டும் என்ற பழைய விதியே இன்றும் நல்ல தொடக்கம்.

கடையில் ஒரு பிட்டை எடுத்ததும் நான் செய்வது இதுதான்: மேல்வளையங்கள் இரண்டையும் இடக்கையின் விரல்களில் மாட்டித் தொங்கவிட்டு, வலக்கையால் கீழ்வளையத்தை மெல்லப் பின்னால் இழுத்து, வாய்த்துண்டு எப்போது உருளத் தொடங்குகிறது, எப்போது நிற்கிறது, விட்டால் தானாகத் திரும்புகிறதா என்று பார்ப்பேன். பிறகு மூட்டு இருக்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்திச் சுற்றிலும் தடவுவேன். நாக்கின் தோல் சிக்கக்கூடிய இடைவெளியோ, வார்ப்பில் தங்கிவிட்ட கூர்மையோ விரலுக்குத் தட்டினால் அந்தப் பிட்டைச் சுவரிலேயே மாட்டிவிடுவேன், அதில் எந்தச் சாம்பியனின் கையெழுத்து பொறித்திருந்தாலும் சரி.

இனி வேலைக்கு வருவோம். பேரல் ரேஸிங்கின் வழக்கமான அளவில், தொடக்கக் கோட்டிலிருந்து முதல் இரண்டு பீப்பாய்கள் 60 அடியிலும், அவை ஒன்றுக்கொன்று 90 அடியிலும், மூன்றாவது பீப்பாய் அவ்விரண்டிலிருந்தும் 105 அடியிலும் நிற்கும். பீப்பாய் விழுந்தால் 5 நொடி தண்டம். பெரும்பாலானோர் வலப்பக்கத்துப் பீப்பாயை முதலில் சுற்றுவதால் ஒரு வலத் திருப்பமும் இரண்டு இடத் திருப்பங்களும் வரும். நேர்கோட்டில் இரண்டு கைகளாலும் வாரைப் பிடித்து ஓட்டுபவர், திருப்பத்துக்கு வந்ததும் வெளிக்கையைச் சேணத்தின் கொம்புக்குக் கொண்டுபோய், உள்கை ஒன்றினாலேயே குதிரையை வளைக்கிறார். ஆகவே ஒரு பக்க வாரை மட்டும் இழுக்கும்போது மறுபக்கத் தண்டு கூடவே திருகிக்கொண்டு வரக்கூடாது. இதனால்தான் பேரல் பிட்டுகளில் தண்டுகள் தனித்தனியே சுழலும்படி அமைந்திருப்பது நல்லது. மூட்டில்லாத ஒரே கம்பியில் இறுக்கிப் பொருத்திய தண்டு இங்கே குதிரைக்குக் குழப்பமான செய்தியையே கொடுக்கும்.

பேரல் குதிரையிடம் நாம் கேட்பது முழு நிறுத்தம் அல்ல. முழு வேகத்தில் வந்து, பீப்பாய்க்குச் சற்று முன்பு பின்கால்களை அடியில் வாங்கி, வேகத்தைக் குறைத்து, விலா எலும்பு வழியாக வளைந்து, மீண்டும் பாய வேண்டும். முரட்டுத்தனமாகப் பிடிக்கும் பிட்டைப் போட்டால் அது தலையைத் தூக்கி, முதுகைக் கீழே தாழ்த்தி, முன்கால்களில் மட்டும் நின்றுவிடும். பின்கால்கள் வெளியே வழுக்கும். காக் பிட் இத்துறையில் இவ்வளவு பேரிடம் இருப்பதற்குக் காரணம், அதன் வாய்த்துண்டு தண்டில் மேலே நழுவி, முதலில் உதட்டின் ஓரத்தை உயர்த்தி, அதன் பிறகே தாடைவார் பிடிக்கும்படி நேரம் கொடுப்பதுதான். கையை அடிக்கடி ஆட்டாதவருக்கு அது அருமையான கருவி. திருப்பம் முழுவதும் இழுத்தே வைத்திருப்பவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன், ஏனெனில் நழுவி மேலே போன துண்டு கீழே இறங்கவும் நேரம் எடுக்கும். குதிரைக்கு விடுதலை தாமதமாகவே வரும்.

வாய்த்துண்டே இல்லாத ஹேக்கமோர் இன்னொரு வழி. மூக்கு எலும்பிலும் தாடையிலும் தலை உச்சியிலும் மட்டும் அழுத்தம் கொடுக்கும் இதைத் திருப்பத்தை நன்றாகக் கற்றுவிட்ட, ஆனால் வாயில் தொட்டால் பதறும் குதிரைகளுக்குப் போட்டுப் பார்க்கலாம். மூக்குப்பட்டை எலும்பில் உட்கார வேண்டும். கீழே இறங்கி மெல்லிய குருத்தெலும்பின் மேல் விழுந்தால் மூச்சையே பிடித்துவிடும். பக்கவாட்டில் வளைப்பதற்கு இது பொதுவாக அவ்வளவு உதவாது.

ஓடும் கன்றையோ காளையையோ சுருக்குக் கயிறு வீசிப் பிடிக்கும் ரோப்பிங்கில் கணக்கு வேறு. வலக்கையில் சுருக்குக் கயிறு சுழல்வதால் இரண்டு வார்களும் இடக்கையில்தான் இருக்கும். குதிரை கழுத்தில் படும் வாருக்குத் திரும்ப வேண்டும். இங்கே உறுதியான தண்டுள்ள, வாய்த்துண்டின் நடுவில் சிறு மேடு கொண்ட கர்ப் பிட், அதாவது தாடைவாரோடு நெம்புகோலாக வேலை செய்யும் பிட், பொருந்துகிறது. இருவர் சேர்ந்து ஒரு காளையைப் பிடிக்கும் டீம் ரோப்பிங்கில் தலையைப் பிடிப்பவரின் குதிரை, காளையின் கொம்பில் சுருக்கு விழுந்ததும் இடப்பக்கம் திரும்பி அதை இழுத்துச் செல்ல வேண்டும். பின்காலைப் பிடிப்பவரின் குதிரையோ ஒரே இடத்தில் உட்கார்ந்து நிற்க வேண்டும். ஒரே பிட்டை இரண்டுக்கும் மாட்டிவிட்டு, ஏன் சரிவரவில்லை என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கன்று கட்டும் டை-டவுன் ரோப்பிங்கின் விசித்திரம் என்னவென்றால், முக்கியமான நேரத்தில் சேணத்தின் மேல் ஆளே இருப்பதில்லை. கன்றின் கழுத்தில் சுருக்கு விழுந்ததும் ரோப்பர் குதித்து ஓடிப்போய்க் கன்றைக் கீழே தள்ளி மூன்று கால்களைக் கட்டுகிறார். குதிரை தானாகவே பின்னால் நகர்ந்து கயிற்றை இறுக்கிப் பிடித்து நிற்கிறது. கன்று 6 நொடி கட்டவிழாமல் கிடக்க வேண்டும். ஓடும் ரோப்பரின் இடுப்புக் கச்சையில் செருகிய நீண்ட கயிறு ஒன்றின் மறுமுனை பிட்டுடன் இணைந்திருக்கும். அவர் ஓட ஓட அது உருவிக்கொண்டு வந்து, சிறுசிறு உதறல்களாகப் பிட்டைத் தட்டி, பின்னால் போ என்று குதிரைக்குச் சொல்லும். அதாவது கை எதுவும் இல்லாமலே இந்தப் பிட் வேலை செய்கிறது. அந்த உதறலை யாரும் நடுவில் மென்மையாக்க முடியாது. இதை யோசித்தால் கன்றுக் குதிரைக்கு முறுக்குக் கம்பியையோ சங்கிலி வாய்த்துண்டையோ போடுவதற்கு எனக்கு மனம் வருவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரோப்பிங் குதிரை ஓட்டம் தொடங்கும் பெட்டிக்குள் அசையாமல் நிற்க வேண்டும். பெட்டியின் முன் கட்டியிருக்கும் தடைக்கயிற்றை முன்கூட்டியே அறுத்தால் 10 நொடி தண்டம். வாயில் வலி வரும் என்று முன்பே அறிந்த குதிரை பெட்டிக்குள் நுழையும்போதே பற்களைக் கடித்துத் தலையை ஆட்டும். கடுமையான பிட்டால் நிறுத்தத்தில் கிடைத்தது என்று நினைப்பதைப் பெட்டியிலேயே இழந்துவிடுவோம்.

வாயைப் பார்க்காமல் பிட் வாங்குவது, பாதத்தை அளக்காமல் செருப்பு வாங்குவது போல. குவார்ட்டர் ஹார்ஸ் இனத்துக்கு 5 அங்குல அகலம் பொதுவாகப் போதும். வாய்த்துண்டு அமர்வது முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே உள்ள பல்லில்லாத ஈற்றில். அதன் மேல் தோலைத் தவிர வேறு காப்பு இல்லை. நாக்கு தடித்த, அண்ணம் தாழ்ந்த குதிரைக்கு ஒரே மூட்டுள்ள ஸ்னாஃபில் இழுக்கும்போது நடுவில் மடிந்து அண்ணத்தை முட்டும். நடுவில் சிறு துண்டு வைத்த மூன்று பகுதி வாய்த்துண்டு அழுத்தத்தைப் பரப்பிக் கொடுக்கும். தடிமன் குறையக் குறைய அதே இழுப்பு குறுகிய இடத்தில் விழும் என்பதால் மெல்லிய முறுக்குக் கம்பிகள் வாயோரத்தை எளிதில் கிழிக்கும். ஸ்வீட் அயர்ன் என்னும் எஃகு லேசாகத் துருப்பிடிக்கும். பல குதிரைகளுக்கு அந்தச் சுவை பிடித்து வாயில் ஈரம் ஊறும். துருவைக் கண்டு பயந்து தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டியதில்லை.

நன்றாக ஓடிய குதிரை திடீரென்று முதல் பீப்பாயைத் தாண்டிப் போகிறதென்றால் கடைக்கு முன்னால் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். கூர்மையாகிவிட்ட கடைவாய்ப் பல்லின் விளிம்போ, முதல் கடைவாய்ப் பல்லுக்கு முன் முளைக்கும் சிறிய ஓநாய்ப் பல்லோ பிட்டுடன் மோதிக்கொண்டிருக்கலாம். கால் மூட்டு வலிக்கும் குதிரையும் திருப்பத்தைத் தவிர்க்கத்தான் பார்க்கும். அதற்குப் பெரிய பிட்டைப் போட்டுத் தலையைத் தூக்காதபடி, டை-டவுன் என்றே பெயருள்ள தலைக்கட்டு வாரையும் இறுக்கிக் கட்டுவது, வலியைச் சொல்ல இருந்த கடைசி வழியையும் மூடுவதாகும். சமநிலைக்காக அளவாகத் தளர்த்திக் கட்டிய டை-டவுனைக் குறை சொல்லவில்லை. குறையை மறைக்கக் கட்டியதைத்தான் சொல்கிறேன்.

1985ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசிய ரோடியோ இறுதிப் போட்டியில் பேரல் வீராங்கனை சார்மெய்ன் ஜேம்ஸின் குதிரை ஸ்கேம்பர், ஓட்டத்தின் நடுவில் தலைவார் கழன்ற பிறகும் பீப்பாய்களைச் சுற்றி அந்தச் சுற்றை வென்றது. 1984 முதல் 1993 வரை பத்து உலகப் பட்டங்களைத் தொடர்ந்து வென்ற ஜோடி அது. இதைச் சொல்லி, பிட்டே வேண்டியதில்லை என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் தெரிவது, பிட் வழியாகவும் உடல் வழியாகவும் அந்தக் குதிரைக்கு எவ்வளவு சொல்லிக் கொடுத்திருந்தார்கள் என்பதுதான்.

புதிய பிட்டைப் போட்டி நாளில் முதன்முதலாக மாட்டக்கூடாது. முதலில் நடையில், பிறகு மெல்லோட்டத்தில், தோளும் விலாவும் இளகி வருகின்றனவா என்று வட்டங்களில் பார்த்துவிட்டு, அதன் பிறகே வேகத்துக்குப் போக வேண்டும். முதல் முழு ஓட்டம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், ஏனெனில் புதிய இரும்பைக் குதிரை இன்னும் அளந்துகொண்டிருக்கிறது. நான்காவது, ஐந்தாவது ஓட்டத்தில் அது எப்படித் திரும்புகிறது என்பதை வைத்தே நான் முடிவு செய்வேன். பயிற்சிக்கு ஸ்னாஃபில், போட்டிக்கு ஷேங்க் பிட் என்று இரண்டு வைத்துக்கொள்பவர்களின் குதிரைகள் வாய் மரத்துப் போகாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். நண்பரிடம் கடன் வாங்கி இரண்டு வாரம் பார்ப்பது எல்லாவற்றையும்விடச் சிக்கனமானது. திருப்பிக் கொடுக்கும் முன் நன்றாகக் கழுவிக் கொடுத்தால் அடுத்த பிட்டையும் கொடுப்பார்.