மறக்கல, நிறுத்துனேன்

ஆறு மாசம் ஆச்சு, இன்னும் அந்த ஒன்பது செகண்ட் மனச விட்டுப் போகல.

இங்கிலாந்துல கவென்ட்ரிங்கிற ஊர்ல பழைய தியேட்டர் ஆளுங்களப் பேச வெச்சு ரெக்கார்ட் பண்றது என் வேலை. மேடைல நின்னவங்க தானாவே பேசுவாங்க, பேச்ச முடிக்க வெக்கிறதுதான் பாடு. திரைக்குப் பின்னாடி இருந்தவங்க அப்படி இல்ல. இந்தம்மா பெல்கிரேட் தியேட்டர்ல பிராம்ப்டரா இருந்தவங்க. 1958ல தியேட்டர் திறந்தப்போ அவங்களுக்கு 19 வயசு. மேடை ஓரத்துல ஒரு ஸ்டூல், வெளிச்சம் வெளிய போகாதபடி மறைச்ச குட்டி லைட்டு, மடில ஸ்கிரிப்ட். நடிகர் வசனத்த மறந்தா அடியெடுத்துக் குடுக்கணும், அவ்வளவுதானேன்னு கேட்டேன்.

சிரிச்சாங்க. எப்போ குடுக்கக் கூடாதுன்னு தெரியணும்ல? நடிகர் வேணும்னே பேசாம நிப்பாரு, அப்போ நாம வசனத்தச் சொல்லிட்டா சீன் செத்துச்சு, இண்டர்வல்ல வந்து திட்டு விழும், சரின்னு சும்மா இருந்து அவரு நெஜமாவே மறந்திருந்தா அதுக்கும் திட்டுதான். அதனால ரிகர்சல்லயே ஸ்கிரிப்ட்ல பென்சில்ல கோடு போட்டு வெச்சுப்பாங்களாம், சின்ன நிறுத்தத்துக்கு ஒரு கோடு, பெருசுக்கு ரெண்டு. அப்பவும் சந்தேகம்னா கால பாக்கணுமாம். மறந்தவன் கால் ஒரு இடத்துல நிக்காதாம்.

இதெல்லாம் சொல்லி முடிச்ச பத்தாவது நிமிஷத்துலதான் நான் அந்தக் காரியத்தப் பண்ணேன்.

அப்போ யூகோஸ்லாவியா தலைநகரா இருந்த பெல்கிரேட்லருந்து அன்பளிப்பா வந்த பீச் (beech) மரத்துல உள்வேலை பண்ணதாலதான் தியேட்டருக்கே அந்தப் பேரு, உள்ள போனா புது மர வாசனை அடிக்கும்னாங்க. நடிகர்கள் தங்க தியேட்டரோடவே ஃப்ளாட் கட்டியிருந்தாங்கல்ல, அந்தப் பேச்சு வந்துச்சு. "ஷோ முடிஞ்சு எல்லா லைட்டும் அணைச்சதும் நான் அந்தப் படிக்கட்டுல ஏறி..."ன்னு ஆரம்பிச்சு நிறுத்திட்டாங்க.

நான் காத்திருந்தேன், காத்திருந்தேன்னுதான் நெனச்சேன். வயசானவங்க, தொடர்பு விட்டுப் போச்சு, நாமதான் கை குடுக்கணும்னு தோணுச்சு. ஃபார்ம்ல "போர் நினைவுகள்"னு ஒரு கட்டம் வேற காலியா கிடந்துச்சு, அது நிரம்பலன்னா ஆபீஸ்ல கேப்பாங்க. "மேலருந்து பாத்தா குண்டு விழுந்த இடமெல்லாம் தெரியுமா?"ன்னு கேட்டுட்டேன்.

என்னப் பாத்தாங்க. "நான் மறக்கல கண்ணு. நிறுத்துனேன்."

கோவமா சொல்லல. அதுக்கப்புறம் நான் கேட்டதுக்கே பதில் சொன்னாங்க. 1940 நவம்பர் 14 ராத்திரி, ஊர் மேல விடிய விடிய ஜெர்மன் குண்டு, கதீட்ரல் எரிஞ்சது, வானம் செவப்பா இருந்துச்சுன்னு அம்மா சொல்லுவாங்கன்னு. கணக்குப் போட்டுப் பாருங்க, அன்னிக்கு இவங்களுக்கு ஒரு வயசு. பிறந்த வருஷம் என் ஃபார்ம்லயே மேல இருந்துச்சு.

எடிட் பண்ணதும் நான்தான். கேள்வி கேக்குற குரல வெட்டுறது எங்க வழக்கம், எல்லா கிளிப்லயும் அப்படித்தான், இதுல மட்டும் எதுக்கு விடணும். கூடவே "மறக்கல, நிறுத்துனேன்"ஐயும் வெட்டுனேன், என் கேள்வி இல்லாம அது தனியாப் புரியாதுல்ல. இப்போ கேட்டா படிக்கட்டு, மௌனம், உடனே குண்டு. மேனேஜருக்கு அந்த மௌனம் ரொம்பப் பிடிச்சுப் போச்சு. கண்காட்சில ஹெட்போன மாட்டிக்கிட்டு ஒருத்தர் கண்ணத் தொடச்சத நானே பாத்தேன்.

பொய்னு எதுவும் இல்ல, "அம்மா சொல்லுவாங்க"ங்கிறதயும் நான் எடுக்கல. கிளிப்ப அவங்களுக்கு அனுப்புனோம், ஓகேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க. அப்புறம் எனக்கென்னங்கிற கேள்விக்குத்தான் பதில் இல்ல. திரும்பப் போய்க் கேக்கலாம்தான். என்னன்னு கேக்குறது, படிக்கட்டு ஏறி எந்தக் கதவத் தட்டுனீங்கன்னா?

வெட்டாத ஃபைல் என்கிட்ட இருக்கு. ஆடியோல கால் தெரியாது. எட்டாவது செகண்ட்ல லேசா மூச்சு இழுக்குற சத்தம் கேக்குது, ஒன்பதாவதுல என் குரல்.