சாப்பிட்டால் பழகும், தோலில் பட்டால் பகையாகும்

வயிற்று அமிலமும் கணையநீரும் உணவுப் புரதத்தை முழுசாக உடைத்துவிடுகின்றன, அதனால்தான் அலர்ஜி வருவதில்லை என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் ஒரு சிறு பங்கு அடையாளம் தெரியும் அளவுக்கு உருக்குலையாமல் குடல் சுவரைத் தாண்டி ரத்தம் வரைக்கும் போகிறது. நோயெதிர்ப்பு மண்டலம் அதைப் பார்க்கிறது. பார்த்த பிறகு, தாக்க வேண்டாம் என்று முடிவெடுக்கிறது. இந்த முடிவுக்குப் பின்னால் பெரிய வேலை நடக்கிறது.

1911லேயே வெல்ஸ், ஆஸ்போர்ன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைக் கினிப் பன்றிகளில் கண்டார்கள். மக்காச்சோளம் தின்று வளர்ந்தவற்றுக்கு மக்காச்சோளப் புரதத்தை ஊசியில் ஏற்றியபோது, மற்றவற்றுக்கு வந்த கடும் ஒவ்வாமை வரவில்லை.

சிறுகுடலின் உறிஞ்சிகளை மூடியிருப்பது ஒரே ஒரு அடுக்கு செல்கள். அந்த அடுக்கில் சளி சுரக்கும் கோப்பைச் செல்கள் வழியாகவும் வேறு வழிகளிலும் புரதம் உள்ளே இறங்குகிறது. அடியில் காத்திருக்கும், வெளிப்பொருளைப் பிடித்து மற்ற நோயெதிர்ப்புச் செல்களுக்குக் காட்டும் டென்ட்ரிடிக் செல்களில் சிடி103 என்ற குறி தாங்கியவை அதை எடுத்துக்கொண்டு, நிணநீர் வழியாகக் குடலை ஒட்டிய நிணநீர் முடிச்சுக்குப் போகின்றன. முடிவு எடுக்கப்படும் இடம் அதுதான். எலிகளில் இந்த முடிச்சுகளை அகற்றிவிட்டால் சகிப்பு, அதாவது தாக்காமல் விடும் பழக்கம், உருவாவதில்லை.

அங்கே டென்ட்ரிடிக் செல், வைட்டமின் ஏ-யிலிருந்து ரெடினாயிக் அமிலம் தயாரிக்கிறது. அதுவும் டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதமும் சேர்ந்து, நோயெதிர்ப்பை வழிநடத்தும் வெள்ளணுவான, இன்னும் எந்தப் பக்கமும் சாயாத டி செல்லை ஃபாக்ஸ்பி3 மரபணு இயங்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்லாக மாற்றுகின்றன. அதே ரெடினாயிக் அமிலம் அந்த டி செல்லின் மேல் குடலுக்குத் திரும்பும் முகவரியையும் பதித்து அனுப்புகிறது. குடலுக்கு வந்து சேர்ந்த டி செல்கள் அங்கேயே பெருகி, அந்தப் புரதத்துக்கு எதிரான மற்ற செல்களை அடக்கி வைக்கின்றன. ஃபாக்ஸ்பி3 பழுதாகிப் பிறக்கும் குழந்தைகளுக்குக் கடுமையான குடல் அழற்சி, எக்ஸிமா என்ற அரிப்புத் தோல் நோய், உணவு அலர்ஜி எல்லாம் வருவதைப் பார்த்தால் இந்தச் செல்களின் அருமை புரியும்.

இனி தோல். எக்ஸிமாவில் தோலின் தடுப்பு உடைந்திருக்கும். வீட்டுத் தூசியிலும் கைகளிலும் ஒட்டியிருக்கும் உணவுப் புரதம் அந்த விரிசலில் நுழையும்போது, அடிபட்ட தோல் செல்கள் டிஎஸ்எல்பி, ஐஎல்-33 போன்ற அபாய சமிக்ஞைகளை வெளியிடுகின்றன. அந்தச் சூழலில் பயிற்சி பெறும் டி செல், எதிர்ப்பொருள் செய்யும் பி செல்லை, அலர்ஜிக்குக் காரணமான ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாரிக்கத் தூண்டுகிறது. ஐஜிஇ, திசுக்களில் இருக்கும் மாஸ்ட் செல்களில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். பிறகு அதே உணவு வாய்க்குள் போனதும் அந்தச் செல்கள், தடிப்பையும் வீக்கத்தையும் வரவழைக்கும் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. குழந்தை ஒரு முறைகூடச் சாப்பிடாத பொருளுக்கு முதல் வாயிலேயே அலர்ஜி வருவது பெரும்பாலும் இப்படித்தான்.

இந்த இரு பாதைகளை முன்வைத்தவர் லண்டனைச் சேர்ந்த குழந்தைகள் அலர்ஜி மருத்துவர் கிடியன் லாக். 2015ல் வெளிவந்த அவருடைய லீப் என்ற வேர்க்கடலை ஆய்வில், கடும் எக்ஸிமாவோ முட்டை அலர்ஜியோ உள்ள 640 குழந்தைகள், 4 முதல் 11 மாத வயதில் சேர்க்கப்பட்டார்கள். ஐந்து வயதில், வேர்க்கடலையைத் தவிர்த்தவர்களில் 17.2 சதவீதம் பேருக்கு அலர்ஜி, சாப்பிட்டவர்களில் 3.2 சதவீதம் பேருக்குத்தான். மூன்று வயதுவரை கொடுக்காதீர்கள் என்று மருத்துவர்களே சொல்லிவந்த காலம் எவ்வளவு தீங்கு செய்திருக்கும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

அளவைக் கவனியுங்கள். வாரத்துக்கு 6 கிராம் வேர்க்கடலைப் புரதம், மூன்று வேளைகளாக. ஒரு வேளைக்கு 2 கிராம் புரதம் என்றால் வேர்க்கடலை வெண்ணெய் சுமார் இரண்டு டீஸ்பூன். அதை வெந்நீரில் குழைத்து, ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். முழுக் கடலை கூடவே கூடாது, மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும். முதல் நாள் ஸ்பூன் நுனியளவு கொடுத்துப் பத்து நிமிடம் பாருங்கள். தடிப்பு, வாந்தி, முகவீக்கம் இல்லையென்றால் மீதியைக் கொடுத்து இரண்டு மணிநேரம் கவனியுங்கள். கடும் எக்ஸிமாவோ முட்டை அலர்ஜியோ இருந்தால் மருத்துவரிடம் பரிசோதித்த பிறகுதான் இதெல்லாம். ஒரு தரம் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் மறந்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

முட்டையில் வேக்காடு முக்கியம். ஜப்பானில் எக்ஸிமா உள்ள குழந்தைகளுக்கு ஆறாம் மாதத்திலிருந்து 50 மில்லிகிராம், ஒன்பதாம் மாதத்திலிருந்து 250 மில்லிகிராம் வேகவைத்த முட்டைப் பொடி தினமும் கொடுத்தார்கள். ஒரு வயதில் அலர்ஜி 8 சதவீதம், கொடுக்காதவர்களில் 38. கூடவே எக்ஸிமாவையும் மருந்தால் அடக்கியே வைத்திருந்தார்கள். தோல் கதவை மூடாமல் வாய் வழியை மட்டும் நம்புவது பாதி வேலைதான். பச்சை முட்டைப் பொடியை வைத்து நடந்த வேறு ஆய்வுகளில் சில குழந்தைகளுக்கு அந்தப் பொடியே ஒவ்வாமையைக் கிளப்பியது.

ஏற்கெனவே அலர்ஜி வந்தவர்களுக்குத் தரப்படும் வாய்வழிச் சிகிச்சை வேறு சங்கதி. அலர்ஜி தரும் உணவையே மில்லிகிராம் கணக்கில் தொடங்கி ஏற்றும்போது, ஐஜிஇ-யின் வேலையைத் தடுக்கும் ஐஜிஜி4 என்ற எதிர்ப்பொருள் கூடுகிறது, மாஸ்ட் செல்கள் மந்தமாகின்றன. ஆனால் பலருக்கு டோஸ் நின்றதும் அந்தப் பாதுகாப்பும் கரைந்துபோகிறது. காய்ச்சல் நாளிலும் உடற்பயிற்சியை ஒட்டிய நேரத்திலும், நேற்று ஒத்துக்கொண்ட அதே டோஸ் இன்று ஒத்துக்கொள்ளாமல் போகலாம். சில நாள் இடைவெளி விழுந்தால் விட்ட அளவிலேயே மறுபடி தொடங்காமல், எவ்வளவு குறைத்துத் தொடங்குவது என்று மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.