நெரிசல் நேரத்தின் செலவு யார் கணக்கில்?

கைப்பேசிச் சேவை நிறுவனத்தின் திறன் திட்டமிடல் பிரிவில் இருப்பவர்களுக்கு வாரந்தோறும் ஒரு பட்டியல் வந்து சேரும். எந்த டவரின் எந்த செக்டார், அதாவது ஒரு திசையை நோக்கிச் சேவை தரும் எந்தப் பகுதி, நிரம்பிவிட்டது, எது நிரம்பும் தறுவாயில் இருக்கிறது என்று சொல்லும் பட்டியல் அது. அவற்றில் எதற்கு இப்போதே பணம் கேட்பது, எதை அடுத்த காலாண்டுக்குத் தள்ளுவது என்று பிரித்துக் கொடுப்பதே பல ஆண்டுகளாக என் வேலையின் பெரும்பகுதி. பெருகிவரும் டேட்டா போக்குவரத்தின் செலவைச் சந்தாதாரர் தருவதா, காணொளிகளை அனுப்பும் பெருநிறுவனங்கள் தருவதா, அரசு ஏற்பதா என்று உலகெங்கும் நடக்கும் வாதத்தையும் நான் அந்தப் பட்டியலின் வழியாகவே பார்க்கிறேன். எல்லாத் தரப்பினரும் ஜி.பி. கணக்கிலேயே பேசுகிறார்கள். எங்கள் செலவோ ஜி.பி.யில் பிறப்பதில்லை.

4ஜி வலையமைப்பில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசையை 100 தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு மில்லி விநாடியும் எந்தத் தொகுதி யாருக்கு என்று டவரில் உள்ள கருவி பங்கிட்டுக்கொண்டே இருக்கும். பி.ஆர்.பி. என்று நாங்கள் அழைக்கும் இந்தத் தொகுதிகளின் பயன்பாட்டை மணிவாரியாக வரைந்து பார்த்தால், குடியிருப்புகளை நோக்கி நிற்கும் ஒரு செக்டாரில் அதிகாலையில் கோடு தரையோடு தரையாகக் கிடக்கும். பகலில் மெல்ல ஏறும். இரவு எட்டு மணிக்கு மேல் உச்சியைத் தொட்டு, பதினொரு மணி வரை இறங்காமல் நிற்கும். அந்த மூன்று மணி நேரத்தில் காணொளி சுற்றிக்கொண்டே நிற்கிறது என்று புகார்கள் வரும்போதுதான் கூடுதல் அலைவரிசை சேர்ப்பது, செக்டாரை இரண்டாகப் பிளப்பது, அதுவும் போதாதபோது புதிய டவருக்கு இடம் தேடுவது என்று ஒன்றைவிட ஒன்று செலவு மிகுந்த வழிகளுக்குப் போகிறோம். அப்படி வாங்கிய திறன் மீதி இருபத்தொரு மணி நேரமும் பெரும்பாலும் சும்மா இருக்கும். சும்மா இருந்தாலும் அது மின்சாரம் குடிக்கும், வாடகை கேட்கும். அதிகாலை மூன்று மணிக்கு ஒருவர் பெரிய கோப்பு ஒன்றை இறக்கிக்கொண்டால் எங்களுக்கு ஏறத்தாழ எந்தக் கூடுதல் செலவும் இல்லை. அதே கோப்பை இரவு ஒன்பது மணிக்கு நிரம்பிய செக்டாரில் இறக்கினால், புதிய கருவி வாங்கும் நாளை அது முன்னே இழுக்கிறது. இரண்டும் ரசீதில் ஒரே ஜி.பி.யாகத்தான் பதிவாகும்.

நேரத்தைப் போலவே இடமும் கணக்கை மாற்றும். டவருக்கு எதிரே திறந்த வெளியில் நிற்பவருக்கு ஒரு குறியீட்டில், அதாவது ஒருமுறை அனுப்பும் அலைத் துணுக்கில், 8 பிட் வரை ஏற்றி அனுப்பலாம். கட்டடத்தின் அடித்தளத்திலோ செக்டாரின் விளிம்பிலோ இருப்பவருக்கு 2 பிட்தான் ஏற்ற முடியும், அதிலும் பிழை திருத்தத்துக்காகக் கூடுதல் பிட்டுகளைச் சேர்த்தாக வேண்டும். இரைச்சலுக்கு நடுவே காது மந்தமானவரிடம் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப நிதானமாகச் சொல்வது போன்றது இது; சொல்லப்பட்ட செய்தி ஒன்றுதான், பிடித்த நேரம் பல மடங்கு. இருவரும் ஒரே காணொளியை ஒரே தரத்தில் பார்த்தாலும் அடித்தளத்தில் இருப்பவர் நான்கு ஐந்து மடங்கு தொகுதிகளை எடுத்துக்கொள்வார். அது அவர் குற்றமும் அல்ல. அந்த இடத்துக்குச் சிக்னலை ஒழுங்காகக் கொண்டுசேர்க்காதது எங்கள் குறை.

நிதிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞர் ஒருமுறை திட்டக் கூட்டத்தில், “சார், மொத்தச் செலவை மொத்த ஜி.பி.யால் வகுத்தால் ஒரு ஜி.பி.யின் அடக்க விலை வந்துவிடுமே, அதை யார் அதிகம் அனுப்புகிறார்களோ அவர்களிடம் கேட்டால் என்ன?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் அவருக்கு இரண்டு டவர்களின் கணக்கைக் காட்டினேன். ஒன்று, நெரிசலான குடியிருப்புகளின் நடுவே, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூடுதல் திறன் கேட்பது. மற்றொன்று, மலைச்சாலை ஒன்றின் ஓரத்தில் ஃபைபர் எட்டாமல் மைக்ரோவேவ் இணைப்பிலும், மின்தடை நேரங்களில் டீசலிலும் ஓடுவது. அதன் தொகுதிகளில் பாதிகூட எந்த நாளும் நிரம்பியதில்லை. இளைஞரின் வகுத்தலில் இரண்டாவது டவரின் ஒரு ஜி.பி. முதலாவதைவிடப் பல மடங்கு விலையுள்ளதாக வந்தது. ஆனால் அந்தச் செலவை உண்டாக்கியது டேட்டா அல்ல. அங்கேயும் சிக்னல் இருக்க வேண்டும் என்ற முடிவு. பரப்புக்கான செலவு வேறு, திறனுக்கான செலவு வேறு. பொது விவாதத்தில் இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி, முழுவதற்கும் காணொளிதான் காரணம் என்று சொல்லும்போது, எங்கள் துறையே தன் வழக்கைப் பலவீனப்படுத்திக்கொள்கிறது.

சந்தாதாரரைப் பற்றிய பேச்சிலும் இதே குழப்பம் உண்டு. ஐஃபோன் வந்த புதிதில் திணறிய அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. நிறுவனம், தன் ஸ்மார்ட்ஃபோன் வாடிக்கையாளரில் 3 சதவீதத்தினரே 40 சதவீத டேட்டாவைப் பயன்படுத்துவதாக 2009-இல் சொன்னது. 2010 ஜூனில் புதியவர்களுக்கு வரம்பற்ற திட்டத்தை நிறுத்தியது. அந்த 3 சதவீதத்தினர் எந்த நேரத்தில், எந்த செக்டாரில் பயன்படுத்தினார்கள் என்பதை அந்த எண் சொல்லவில்லை; திட்டமிடுபவனுக்குத் தேவைப்படுவது அதுதான். ஆனால் ஒன்றில் எனக்கு ஐயம் இல்லை. கம்பியில்லா வலையமைப்பின் அடிப்படைச் செலவைச் சந்தாதாரர் தருவதே முறை, அவர் தந்துகொண்டும் இருக்கிறார். அவர் மாதக் கட்டணம் கட்டுவது, தான் கேட்கும் காணொளி தன் கைக்கு வந்து சேர்வதற்காகவே. எங்கள் டவருக்குள் எந்தக் காணொளியும் தானாக நுழைவதில்லை; எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் விரலால் தொட்டு அழைத்ததால்தான் வருகிறது.

அப்படியிருக்க, அதே பயணத்துக்கு அனுப்புபவரிடமும் கட்டணம் வாங்க வேண்டும் என்ற கோரிக்கை பழையது. ஐரோப்பியத் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சங்கமான எட்னோ 2012-இல், துபாயில் நடந்த சர்வதேச தொலைத்தொடர்பு மாநாட்டுக்கு முன் இதை எழுப்பியது. பத்தாண்டு கழித்து ‘நியாயமான பங்கு’ என்ற பெயரில் அது மீண்டும் வந்தது. பெரெக் எனப்படும் ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்புகளின் குழு 2022 அக்டோபரில் வெளியிட்ட முதற்கட்ட மதிப்பீட்டில், அனுப்புபவர்கள் இலவசச் சவாரி செய்வதற்குச் சான்று இல்லை என்றும், போக்குவரத்து கூடுவதால் வரும் செலவு மொத்தச் செலவில் மிகச் சிறியது என்றும் சொன்னது. கைப்பேசி வலையமைப்பின் செலவு மட்டும் போக்குவரத்தைப் பொறுத்து ஓரளவு மாறக்கூடியது என்பதையும் அதே ஆவணம் ஒப்புக்கொண்டது. கட்டணத்தை எதிர்ப்பவர்கள் இந்த வரியை மேற்கோள் காட்டுவதில்லை. என் வேலை முழுவதும் அந்த ‘ஓரளவு’க்குள்தான் நடக்கிறது என்பதால் அதை நான் கடந்துபோக முடியாது.

தென் கொரியாவின் அனுபவம் எனக்கு இன்னும் பெரிய பாடம். அங்கே 2016 முதல், இணைய இணைப்பு வழங்கும் நிறுவனங்களுக்குள், டேட்டாவை அனுப்பும் நிறுவனம் பெறும் நிறுவனத்துக்குப் பணம் தர வேண்டும் என்ற விதி வந்தது. அதன் பின்னணியில் எஸ்.கே. பிராட்பேண்டுக்கும் நெட்ஃபிளிக்ஸுக்கும் இடையே மூண்ட வழக்கில், 2021 ஜூனில் கட்டணம் தரும் கடமை தனக்கு இல்லை என்று அறிவிக்கக் கேட்ட நெட்ஃபிளிக்ஸின் கோரிக்கையைச் சியோல் நீதிமன்றம் தள்ளியது. 2023 செப்டம்பரில் இருவரும் சமாதானமாகிக் கூட்டாளிகளானார்கள். பெரியவர்கள் இப்படிப் பேசி முடித்துக்கொள்ள முடிந்தது. நேரலைச் சேவையான ட்விட்ச் 2022-இல் கொரியாவில் தன் காணொளித் தரத்தை 720p அளவுக்குக் குறைத்துப் பார்த்தது. அதுவும் கட்டுப்படியாகாமல், மற்ற பெரும்பாலான நாடுகளைவிட இங்கே வலையமைப்புக் கட்டணம் பத்து மடங்கு என்று சொல்லிவிட்டு 2024 பிப்ரவரியில் அங்கிருந்து வெளியேறியது. வாடிக்கையாளரின் வாசலுக்குப் போகும் ஒரே வழி எங்கள் கையில் இருக்கும்போது, அந்த வழிக்கு நாங்கள் கேட்பதே விலையாகிவிடும். போட்டி அதைக் கட்டுப்படுத்தாது. தொலைபேசி அழைப்புகளை முடித்துக்கொடுக்கும் கட்டணத்தைப் பல நாடுகளின் ஒழுங்குமுறை அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் போராடிக் குறைத்தது இதே காரணத்தால்தான். நான் சம்பளம் வாங்கும் துறைக்கு எதிராகப் பேசுவதாகச் சிலர் நினைக்கலாம். அந்தப் பணம் வந்தாலும் நிரம்பிய செக்டாருக்குப் போய்ச் சேரும் என்பதற்கு எந்த விதியிலும் உறுதி இல்லை என்பதையும் நான் சேர்த்தே சொல்கிறேன்.

அதனால் அனுப்புபவர்களுக்குப் பொறுப்பே இல்லை என்று ஆகாது. முன்பு எங்கள் மைய வலையமைப்பில் காணொளிகளைச் சுருக்கி அனுப்பும் கருவிகள் இருந்தன. இணையப் போக்குவரத்து ஏறக்குறைய முழுவதும் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யப்பட்ட பிறகு அவை பயனற்றுப்போயின. மறையாக்கம் மக்களின் அந்தரங்கத்துக்குத் தேவையானது, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அதன் விளைவாக, காணொளியின் கனத்தைத் தீர்மானிக்கும் திருகு முழுவதும் அனுப்புபவர் கைக்குப் போய்விட்டது. எங்களிடம் எஞ்சியது வேகத்தை மொத்தமாக அடக்கும் முரட்டு வழி மட்டும். அந்தத் திருகு எவ்வளவு வலிமையானது என்பதை 2020 மார்ச்சில் எல்லாரும் பார்த்தோம். பெருந்தொற்றுக் காலத்தில் ஐரோப்பிய ஆணையம் கேட்டுக்கொண்டதும், நெட்ஃபிளிக்ஸ் ஐரோப்பாவில் தன் போக்குவரத்தை 25 சதவீதம் குறைக்கும் ஏற்பாட்டைச் செய்தது. யூடியூப் இயல்புநிலைத் தரத்தைக் கீழே இறக்கியது. எந்த டவரிலும் ஒரு கம்பிகூட மாற்றப்படவில்லை. இந்த நிறுவனங்கள், காணொளிகளின் நகல்களைச் சேமித்து வைக்கும் தங்கள் கேஷ் சர்வர்களை எங்கள் மையங்களுக்குள் வைப்பதும் நல்லதே. ஆனால் அது நீண்டதூர இணைப்பின் செலவைத்தான் மிச்சப்படுத்துகிறது. டவருக்கும் கைப்பேசிக்கும் இடையே உள்ள கடைசித் தொலைவில் ஒரு தொகுதியைக்கூட அது மிச்சம் பிடிப்பதில்லை.

அங்கே உதவக்கூடியவை வேறு. உள்ளங்கை அளவு திரைக்கு அதற்கு வேண்டிய தரத்தை மட்டும் அனுப்புதல், 2018-இல் வெளியான ஏ.வி.1 போன்ற புதிய சுருக்க முறைகளை விரைவாகக் கைக்கொள்ளுதல், பார்ப்பவர் தள்ளிவிட்டுப் போகப்போகும் அடுத்தடுத்த குறுங்காணொளிகளை முன்கூட்டியே இறக்கி வைக்கும் பழக்கத்தை நெரிசலில் நிறுத்துதல். குறுங்காணொளிச் செயலிகளில் இறக்கப்பட்டும் பார்க்கப்படாத டேட்டாவுக்கு எங்கள் தொகுதியும் போகிறது, சந்தாதாரரின் ஒதுக்கீடும் கரைகிறது. எவருக்கும் பயனில்லாத இந்தச் செலவுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. எவ்வளவு வேகம் வரை கிடைக்கும் என்று வலையமைப்பே செயலிக்குச் சொல்லி, செயலி தானாகத் தரத்தைத் தணித்துக்கொள்ளும் ஒரு பொது முறையை, இணையத்தின் தொழில்நுட்ப நெறிகளை வகுக்கும் ஐ.ஈ.டி.எஃப். அமைப்பில் வகுத்துவருகிறார்கள். அனுப்புபவரின் பங்கை நான் பணமாகக் கேட்க மாட்டேன், இந்த ஒழுக்கமாகக் கேட்பேன். கேட்டுப் பெறாத இடத்தில் ஒழுங்குமுறை அமைப்பு விதியாகவே எழுத வேண்டும்.

மலைச்சாலை டவருக்கு வருகிறேன். அதன் செலவில் அரசுக்கு நேரடிப் பங்கு உண்டு. 2000-ஆம் ஆண்டு 3ஜி ஏலத்தில் பிரிட்டன் சுமார் 22.5 பில்லியன் பவுண்டும் ஜெர்மனி சுமார் 50 பில்லியன் யூரோவும் ஈட்டின. ஜெர்மனியில் உரிமம் வாங்கிய ஆறு நிறுவனங்களில் இரண்டு அந்த வலையமைப்பைச் சேவைக்குக் கொண்டுவரவே இல்லை. ஜப்பானும் பின்லாந்தும் அதே காலத்தில் ஏலமின்றித் தகுதி பார்த்து அலைக்கற்றையை ஒதுக்கின. ஏலமே தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அலைக்கற்றைக்காகக் கருவூலத்துக்குப் போகும் பணத்தில் ஒரு பகுதியை, சந்தை தானாகப் போகாத இடங்களில் டவர் நிறுத்தும் கடமையாக மாற்றிக்கொண்டால், நகரத்துக் காணொளி ரசிகரிடமோ அதை அனுப்புபவரிடமோ மலைச்சாலையின் டீசலுக்குப் பணம் கேட்க வேண்டியிராது.

போக்குவரத்தின் வளர்ச்சி இப்போது முன்பைப் போல இல்லை. வலையமைப்புக் கருவிகள் செய்யும் எரிக்சன் நிறுவனத்தின் கணக்குப்படி 2018 இறுதியில் உலகக் கைப்பேசி டேட்டா ஆண்டுக்கு 88 சதவீதம் வளர்ந்தது. 2024 தொடக்கத்தில் அது 25 சதவீதம். செலவு வானளாவப் பெருகுகிறது என்ற வாதம் இந்த எண்களுக்கு முன் சற்றுத் தயங்கத்தான் வேண்டும். ஆனால் எங்கள் வாரப் பட்டியலில் இப்போது புதிய பெயரொன்று ஏறியிருக்கிறது: 5ஜி வழியே வீட்டுக்குத் தரும் கம்பியில்லா இணையம். ஒரு வீட்டுப் பெட்டி, பல கைப்பேசிகள் சேர்ந்து எடுக்கும் டேட்டாவை எடுக்கிறது. அதுவும் அதே இரவு ஒன்பது மணிக்கு, பெரும்பாலும் பெரிய திரைக்காக. காலியான தொகுதிகள் இருக்கும் செக்டாரில் அதை விற்பது நல்ல வியாபாரம். நிரம்பிய செக்டாரில் விற்றால், வீட்டு இணையத்துக்கான திறனின் விலையைச் சுற்றியுள்ள கைப்பேசிக்காரர்கள் மெதுவான இணைப்பாகக் கட்டுவார்கள். எனவே முகவரிக்கு முகவரி நெரிசல் நேரப் பயன்பாட்டைப் பார்த்த பிறகே அந்த இணைப்பை விற்க வேண்டும் என்றும், நிரம்பும் தறுவாயில் உள்ள இடங்களில் அதற்குக் கூடுதல் கட்டணம் வைக்க வேண்டும் என்றும் விற்பனைப் பிரிவுக்கு எழுதியிருக்கிறேன். எந்த அளவில் நிறுத்துவது என்பதில் அவர்களும் நாங்களும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.