ஓ.இ.டி. ரீடிங்: இடஞ்சுட்டிப் பொருள் கண்ட அனுபவம்

மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யில் முதல் தடவை ரீடிங் என்ற வாசிப்புப் பிரிவில் எனக்கு 320தான் வந்தது. பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய 350 வேண்டும். சறுக்கியது சி பகுதியில். இரண்டு நீளக் கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் எட்டுக் கேள்விகள். 'இந்தத் தொடர் எதைக் குறிக்கிறது' என்று அதில் கேட்பார்கள். சொல் ஒவ்வொன்றும் தெரியும், சேர்ந்து வந்தால் பொருள் பிடிபடாது.

வீட்டில் பயிற்சி செய்தபோது ஒரு கட்டுரை. ஒரு மருத்துவமனையில் நோயாளிக் குறிப்புகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிய கதை. நடுவில் 'டீத்திங் ப்ராப்ளம்ஸ்' என்று வந்தது. நான் நாலு வருஷம் குழந்தைகள் வார்டில் இருந்தவள். பல் முளைக்கிற குழந்தைதான் கண்முன் நின்றது. குழந்தை நலம் பற்றிய விடையைக் குறித்தேன். தப்பு.

பிறகு பத்தியை நிதானமாகப் படித்தேன். மேல் வரியில், முதல் வாரங்களில் பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை, மருந்துப் பட்டியல் திறக்கத் தாமதம். கீழ் வரியில், ஆறு மாதத்தில் புகார்கள் ஓய்ந்தன. நடுவில் வேறென்ன இருக்க முடியும்? ஆரம்பக் கோளாறு!

பள்ளித் தமிழ்ப் பரீட்சையில் 'இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக' என்று வருமே, அது ஞாபகம் வந்தது. முதலில் இடம், அப்புறம்தான் பொருள். அன்றிலிருந்து தொடரை விரலால் மூடிவிடுவேன். மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி படித்து, அந்த இடத்தில் என் தமிழ்ச் சொல்லைப் போடுவேன். அதுவரை விடைகளைப் பார்க்கவே மாட்டேன். நேர்ப்பொருளுக்குப் பொருந்துகிற விடை ஒன்று அங்கே காத்திருக்கும், முதலில் பார்த்தால் மனசு அதில் ஒட்டிக்கொள்ளும்.

'தி ஜூரி இஸ் ஸ்டில் அவுட்' இப்படித்தான் வசப்பட்டது. மேலே, ஒரு ஆய்வில் மருந்து வலியைக் குறைத்தது, இன்னொன்றில் குறைக்கவில்லை. கீழே, பெரிய ஆய்வு ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. 'இன்னும் முடிவாகவில்லை' என்று ஓரத்தில் எழுதினேன். வழக்கு, நீதிமன்றம் என்றிருந்த விடை பக்கமே போகவில்லை.

மேலும் கீழும் படிக்க நேரம் வேண்டும். ஏ பகுதிக்குத் தனியாக 15 நிமிடம். பி, சி இரண்டுக்கும் சேர்த்து 45. பி-யின் ஆறு கேள்விகளையும் 12 நிமிடத்தில் முடித்து, மிச்சம் 33 நிமிடத்தையும் சி-க்கு வைத்தேன். இரண்டு மாதம் தினமும் ஒரு கட்டுரை. இரண்டாம் தடவையும் கேள்விப்படாத தொடர் ஒன்று வந்தது. விரலை வைத்தேன். முன்னால் 'ஹவெவர்' இருந்தது, அதற்கு மேலே முழுக்கப் பாராட்டு. அப்படியானால் இது குறை சொல்கிறது என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். 370 வந்தது.